காற்றுத் திருகு

மூன்று நாளாக ஆணியில் தொங்கிக் காய்ந்த ரப்பர்க் குழாயின் வாயில் ஈரம் எங்கிருந்து வரும்?

ஏனோக் அதைக் கட்டைவிரலால் துடைத்தான். துடைத்த இடத்தில் மறுபடி கோத்தது. தூங்குகிற பிள்ளையின் கடைவாயில் நிற்குமே, அந்த மாதிரி வழவழவென்று நின்றது. மூக்கருகே கொண்டுபோனான். ரப்பர் நாற்றம். வெடிமருந்துப் புகை நாற்றம். இரண்டுக்கும் அடியில் அடுப்படியில் இருக்கவேண்டிய ஏதோ ஒரு வாசனை. பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது.

“இன்னாங்க, காலங்காத்தால குழாயை மோந்து பாத்துகினு நிக்கிறீங்க?” என்றாள் ஐடா, காபித் தண்ணீரை ஆற்றியபடி.

“ஈரமா கீது.”

“பனி பேஞ்சிருக்கும். அத வுடுங்க. ராத்திரி பூரா இன்னா மூச்சு வாங்குனீங்க! புஸ்ஸு புஸ்ஸுன்னு. எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல.”

ஏனோக் குழாயைக் கீழே வைக்காமலே அவளைப் பார்த்தான். ராத்திரி முழுக்க அவனும் விழித்துத்தான் கிடந்தான். அந்த மூச்சை அவனும் கேட்டான். அவள்தான் சளியில் இழுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, பாவம் தூங்கட்டும் என்று புரளாமல் படுத்திருந்தான். கட்டிலில் இரண்டே பேர். மூன்றாவதாக அந்த அறையில் இருந்தது, தலைமாட்டு ஆணியில் இந்தக் குழாய்.

“ஆமா, கொஞ்சம் இழுப்பு,” என்று சொல்லிவிட்டுக் காபியை வாங்கிக்கொண்டான்.

பெண்டாட்டியிடம் சொல்லாமல் விழுங்குவதில் ஏனோக்குக்கு நல்ல பழக்கம் உண்டு. நாலு வாரத்துக்கு முன் கம்பெனி டாக்டர் மார்பில் குழல் வைத்துக் கேட்டுவிட்டுக் காகிதத்தில் ‘அன்ஃபிட்’ என்று எழுதியதையும் அப்படித்தான் விழுங்கப் பார்த்தான். ஆனால் சுரங்கத் தொழிலாளர் லைனில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் பூமிக்கடியில் பைப் ஃபிட்டர். உள்ளே போன தூசி உள்ளேயே தங்கி நுரையீரலுக்குச் சிமெண்டு பூசிவிட்டது. அன்ஃபிட் ஆனவன் முப்பது நாளில் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பாப்பம்மா, சர்க்கரை வாங்க வந்தவள் போல வந்து, ஐடாவின் ஜன்னலைக் கண்ணாலேயே அளந்தாள். மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறாள், வீடு வேண்டும். பாப்பம்மா நல்லவள்தான். சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருகிறவள். சில சமயம் சாவுக்கும் முன்னாலேயே.

இதற்கு ஒரே ஒரு மாற்று இருந்தது. பேத்தமங்கலம் ஏரியில் கிடந்த படகு.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போன படகு அது. பின்பக்கம் மோட்டார் மாட்டியது. இந்த அறுபத்து நாலாம் வருஷத்தில் சூப்பரிண்டெண்டு நாற்காலியில் இருந்தவர் அசல் மைசூர்க்காரர். ஆனாலும் லைனில் அவருக்குப் பெயர் துரைதான். நாற்காலிக்குப் பிறந்த பெயர், மனிதருக்கு அல்ல. ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து அவருக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். மோட்டார் நன்றாக இருக்கிறது, பெட்ரோல் டாங்கி நன்றாக இருக்கிறது, இரண்டையும் சேர்க்கும் குழாய் மட்டும் வெடித்துப் பொடிந்துவிட்டது. இரண்டு மெக்கானிக்குகள் வந்து கையை விரித்துவிட்டார்கள். “ஞாயிற்றுக்கிழமை படகு ஓடினால் திங்கட்கிழமையிலிருந்து படகுக்காரன் வேலை உனக்கு. வீட்டிலேயே இருந்துகொள்,” என்றார் துரை. ஓடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் பாப்பம்மா இருக்கிறாளே.

இன்று சனிக்கிழமை.

பெட்ரோல் பட்டால் ஊதிப்போகாத ஒல்லிக் குழாய்க்காக ஏனோக் ஸ்டோர் ஸ்டோராக அலைந்திருந்தான். ராபர்ட்சன்பேட்டைக் கடைகளில் கிடைத்ததெல்லாம் ஒரே நாளில் பெட்ரோல் குடித்துக் கொழுக்கட்டை ஆயிற்று. கடைசியில், மூன்று நாளைக்கு முன், தங்கம் அரித்த மண் குவிந்த சயனைடு மேட்டுக்குப் பின்னால் கம்பெனி குப்பை கொட்டும் பள்ளத்தில் இது கிடைத்தது. பாறையில் துளை போட்டபின் உள்ளே இருக்கும் தூசியை ஊதித் தள்ள, பெரிய காற்றுப் பைப்பின் முனையில் மாட்டுகிற ஒல்லிக் குழாய். எண்ணெய் தாங்கும் கெட்டி ரப்பர். கையில் எடுத்தபோதே முனையில் சிவப்பு வளையம் தெரிந்தது. சுரங்கத்தின் எந்த ஆழத்து லெவல் குழாய்க்கு எந்த வண்ணம் என்பது பைப் ஃபிட்டருக்குத் தெரியாமல் இருக்காது. சிவப்பு, இருபத்தெட்டாம் லெவல்.

கீழே போட்டான். பத்தடி நடந்தான். திரும்பி வந்து எடுத்துக்கொண்டான்.

இன்று பஸ் நிறுத்தத்தில் மரியகுழந்தை வேகவைத்த கடலை விற்றுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டால் ஏனோக் வழக்கமாக எதிர்ச்சாரியில் நடப்பான். லைனில் அதையும் கவனிக்காமல் இல்லை. சாம்ராஜின் விதவை. இரண்டு வருஷத்துக்கு முன் இருபத்தெட்டாம் லெவலில் பாறை வெடித்துச் சரிந்தபோது உள்ளே மாட்டிக்கொண்டவன் சாம்ராஜ். ஏனோக்கும் அவனும் ஒரே ஷிப்டு, சுரங்கத்தில் இறங்கி ஏற ஒரே கேஜ், ஒரே பீடிக்கட்டு. அவன் போன முப்பதாம் நாள் இவள் வீட்டைவிட்டுப் போனாள்; இப்போது மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. இன்றைக்கு எதிர்ச்சாரியில் பள்ளம் வெட்டிப் போட்டிருந்தார்கள். தப்ப வழியில்லை.

“அண்ணே, வாங்க. ஐடாக்கா நல்லா கீறாங்களா? படகு வேலையாமே, கேள்விப்பட்டேன்.”

“ஆமாம்மா. இன்னிக்குத்தான் மாட்டணும்.”

“கர்த்தர் குடுப்பாரு. வூட்ட மட்டும் வுட்டுடாதீங்கண்ணே. தகரத்துக்குக் கீழ படுக்கறது மனுஷன் படுக்கறதே இல்ல.” கடலையைக் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தவள், அவன் தோளில் கிடந்த பையைப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். முகம் ஒரு மாதிரி மலர்ந்தது. “இன்னாண்ணே, கிராம்பு வாசனை வருது? பல்வலியா உங்களுக்கும்?”

உங்களுக்கும்.

சாம்ராஜுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்துகொண்டு எப்போதும் ஒரு கிராம்பைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருப்பான். கேஜில் பக்கத்தில் நின்றால் அந்த வாசனைதான்.

“அவரு கூடவே நிக்கிற மாதிரி கீது,” என்று அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர்.

ஏனோக் பஸ்ஸில் ஏறிக் கடைசி ஸீட்டில் உட்கார்ந்தான். கடலைப் பொட்டலம் கையிலேயே ஆறிப்போயிற்று. மடியில் வைத்த பை ஆறவில்லை. வயிற்றோடு ஒட்டிய இடத்தில் இளஞ்சூடு, பூனை படுத்திருப்பதுபோல. பஸ் மேட்டில் இரைந்து ஏறும்போதெல்லாம் அது லேசாக எழுந்து அமர்ந்தது. ரோடு மோசம், அதனால்தான் என்று சொல்லிக்கொண்டான். பிறகு பஸ் ஒரு ரயில்வே கேட்டில் பத்து நிமிஷம் நின்றது. அப்போதும் எழுந்து அமர்ந்தது.

ஏரிக்கரைத் தகர ஷெட்டில் வாட்ச்மேன் முனிரத்தினம் படகைத் துடைத்துப் பொட்டு வைக்காத குறையாக வைத்திருந்தான். கறுப்பு முகில் ஏரியின் மேல் இறங்கி, நண்பகலிலேயே விளக்கு வைக்கும் நேரம் போல இருந்தது. தூறல் தகரத்தில் உப்புப் போலப் பொரிந்தது.

“வாங்கண்ணே. துரை ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாரு. நம்ம கண்ணு முன்னால அந்தத் தண்ணிக் கோபுரத்த ஒரு சுத்து சுத்தி வந்துச்சின்னா போதும், ‘ஓடுது சார்’ன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன். உங்களுக்கு வேலை. எனக்கும் பேச்சுத் துணை ஆச்சி.”

கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தண்ணீர் உறிஞ்சும் கோபுரம் வட்டமாக, ஜன்னல் இல்லாமல் நின்றது.

ஏனோக் வேலையில் இறங்கினான். கைக்கு வேலை கொடுத்தால் மனம் வாயை மூடும் என்பது ஃபிட்டர்களின் நம்பிக்கை. டாங்கி சிவப்பு நிறம், பலகையின் கீழே. அதிலிருந்து குழாய் புறப்பட்டு, நடுவில் ஒரு ரப்பர்க் குமிழி, பிறகு மீண்டும் குழாய், பிறகு மோட்டார். ரிக்ஷா ஹாரனில் இருக்குமே, அந்த மாதிரிக் குமிழி; அதை அமுக்க அமுக்க டாங்கியிலிருந்து பெட்ரோல் ஏறி மோட்டாருக்குப் போகும். குமிழியின் மேல் ஓர் அம்புக்குறி. அம்பு மோட்டாரைப் பார்த்திருக்க வேண்டும். குமிழிக்குள் இருக்கும் கதவுகள் ஒருவழிக் கதவுகள்; அந்தப் பக்கம் போனது இந்தப் பக்கம் திரும்பாது. டாங்கி மூடியில் ஒரு சின்னக் காற்றுத் திருகு. அதைத் திறந்து வைக்க வேண்டும். பெட்ரோல் வெளியே போகப் போகக் காற்று உள்ளே வரவேண்டும். இல்லையென்றால் டாங்கி மூச்சுமுட்டி நின்றுவிடும்.

குழாயை இரண்டாக வெட்டினான். கத்தி இறங்கியபோது ‘ஹ்’ என்றது. ரப்பரில் அடைந்த காற்று. ஒரு முனையில் வரிசையாகப் பள்ளங்கள் இருந்தன, மேலே ஏழெட்டு, கீழே ஏழெட்டு. எலி கடித்தது என்று முனிரத்தினம் சொன்னான். சுரங்கத்தில் எலிக்கா பஞ்சம். வெட்டியெறியலாம் என்றால் நீளம் சரியாக அளவெடுத்தது போல இருந்தது, ஓர் அங்குலம் கூட மிச்சமில்லை. அந்த முனையை டாங்கிப் பக்கம் செருகிக் கம்பி போட்டு முறுக்கினான்.

குமிழியை அமுக்கினான். மூன்றாவது அமுக்கில் பெட்ரோல் வந்து குமிழி கெட்டியாயிற்று. சரி என்று கையை எடுத்தான்.

குமிழி தானாக ஒருமுறை சுருங்கிற்று. பிறகு விரிந்தது.

ஏனோக் முனிரத்தினத்தைப் பார்த்தான். அவன் பீடி பற்றவைக்க, காற்றுக்கு மறைவாக விரித்த குடைக்குள் குனிந்திருந்தான். மறுபடி குமிழியைப் பார்த்தபோது அது சாதுவாகக் கிடந்தது.

கயிற்றின் ஐந்தாவது இழுப்பில் மோட்டார் கிளம்பியது. ஷெட் அதிர்ந்தது. முனிரத்தினம் விசிலடித்தான். நாற்பது எண்ணுவதற்குள் மோட்டார் இருமி, திணறி, நின்றது.

“இன்னாச்சிண்ணே?”

எல்லாம் திறந்துதான் இருந்தது. ஒன்றைத் தவிர. டாங்கி மூடியின் காற்றுத் திருகு இறுக மூடியிருந்தது.

திறந்தான். மறுபடி கிளப்பினான். மறுபடி நாற்பது எண்ணிக்கை. மறுபடி மரணம். முனிரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தான். “அண்ணே! நீங்களே தொறக்கிறீங்க, கயிறை இழுத்துட்டு நீங்களே எடது கையால மூடுறீங்க! நான் பாத்துகினே கீறேன். குலதெய்வத்துக்கு நேந்துகினீங்களா இன்னா?”

ஏனோக்கின் இடது கை லைனில் பெயர்போன கை. திறந்திருக்கும் எதையும் அதனால் தாண்டிப் போக முடியாது. பொதுக்குழாயில் பாப்பம்மாவின் குடம் பாதி நிறையும்போதே வழியோடு போகிறவன் மூடிவிட்டுப் போவான். அவள் பின்னாலேயே சாபம் போடுவாள். பைப் ஃபிட்டர் பாடம் அது: ஷிப்டு முடிந்து கேஜுக்குப் போகும் வழியில் கண்ணில் படும் வால்வை எல்லாம் மூடிக்கொண்டே போ, காற்று கம்பெனிச் சொத்து. இருபத்திரண்டு வருஷத்தில் அது பாடமாக இல்லாமல் கையின் குணமாகிவிட்டது. வலப்பக்கம் மூன்று சுற்று. பார்க்கக்கூட வேண்டாம்.

லைனுக்கு இதுவரை தெரியும். இதற்குமேல் தெரியாது.

சாம்ராஜ் மாட்டிய அன்று, ஷிப்டு முடிகிற நேரத்தில்தான் பாறை வெடித்தது. லெவல் முழுக்கத் தூசி. எல்லோரும் கேஜைப் பார்த்து ஓடினார்கள். ஏனோக்கும் ஓடினான். ஓடும் வழியில், இருபத்தெட்டாம் லெவலுக்குள் காற்று போகும் பைப்பின் வால்வு. ஓடிக்கொண்டே இடது கை அதன் சக்கரத்தை வலப்பக்கம் மூன்று சுற்றுச் சுற்றியது. மூடிய கை அதன்மேல் ஒரு கணம் தங்கியது. அப்போது இரும்புக்குள்ளிருந்து உள்ளங்கையில் வந்தது. டொக். டொக். டொக். மூன்று தட்டு. சரிவுக்குப் பின்னால் மாட்டியவன் காற்றுப் பைப்பில் மூன்று தட்டுத் தட்டினால், ஆள் இருக்கிறேன் என்று அர்த்தம். சுரங்கத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். கேஜ் மணி அடித்தது. இரும்பு குளிர்கிற சத்தம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு ஏனோக் ஓடினான். மேலே வந்து ஆட்களை எண்ணிப் பார்த்தபோது சாம்ராஜ் இல்லை. “தட்டற சத்தம் யாராச்சும் கேட்டீங்களா?” என்று கேட்டார்கள். இல்லை என்றான். மறுநாள் மீட்புக் குழுவோடு முதல் ஆளாக இறங்கி, யாரும் பார்க்குமுன் வால்வைத் திறந்து வைத்தான். நான்கு நாள் தோண்டினார்கள். சாம்ராஜ் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், காற்றுப் பைப்பின் முனையிலிருந்த ஒல்லிக் குழாயை வாயில் வைத்து. லேசில் எடுக்க முடியவில்லை. பல் அவ்வளவு இறுகியிருந்தது.

பல்.

ஏனோக் டாங்கிப் பக்க முனையைக் குனிந்து பார்த்தான். மேலே ஏழெட்டுப் பள்ளம். கீழே ஏழெட்டு. கடைவாய்ப் பக்கம் ஒரு பள்ளம் குறைவாக, சொத்தைப் பல் இருக்கும் இடத்தில்.

எந்த எலிக்கு வாய் அவ்வளவு பெரிது?

கழற்றி எறிந்துவிட்டுக் கரையேறியிருக்கலாம். ஏறியிருந்தால் திங்கட்கிழமை ஐடா தகரத்தின் கீழே படுக்க வேண்டும். அவன் ஐடாவை நினைத்தான், மரியகுழந்தையின் கடலைக் கூடையை நினைத்தான், பாப்பம்மா அளந்த ஜன்னலை நினைத்தான். பிறகு ஒரு காரியம் செய்தான். காற்றுத் திருகை முழுக்கச் சுழற்றிக் கையோடு கழற்றி, ஏரிக்குள் வீசியெறிந்தான். மூடியில் வெறும் ஓட்டை.

“இனிமே எதைப் போயி மூடும், இந்தச் சனியன் புடிச்ச கை?”

“சபாஷ்!” என்றான் முனிரத்தினம். “கெளம்புங்க, மழை வலுக்குது. துரை கிளப்புக்குப் போறதுக்குள்ள நான் போன் போடணும்.”

மோட்டார் முதல் இழுப்பிலேயே பிடித்தது. நாற்பது எண்ணினான். எண்பது எண்ணினான். ஓடியது. படகு சாம்பல் நிறத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கோபுரத்தைப் பார்த்துப் போயிற்று. கரையில் முனிரத்தினத்தின் கறுப்புக்குடை மிளகளவு ஆயிற்று. ஏனோக்குக்கு வெகுநாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாயிற்று. ஐடாவிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்தான். ஒன்றும் சொல்லவேண்டாம். பொட்டலத்தை நீட்டினால் போதும், கடலை.

கோபுரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் திரும்பியதும் கரை மறைந்தது. தூறல் மறைந்தது. கோபுரச் சுவரை ஒட்டிய தண்ணீரில் காற்றே இல்லை. சுவர் ஈரப் பாறை போல வழிந்தது. இருபத்தெட்டாம் லெவலில் வழிவது போலவே.

மோட்டார் இருமியது.

இடது கையைப் பார்த்தான். அது மடியில் இருந்தது. டாங்கி ஓட்டையைப் பார்த்தான். திறந்திருந்தது. டாங்கியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான், பெட்ரோல் தளும்பியது. குமிழியைப் பார்த்தான்.

குமிழி தட்டையாக ஒட்டிக் கிடந்தது, உறிஞ்சிப் போட்ட மாங்கொட்டை போல.

மோட்டார் நின்றது.

படகு மெதுவாகச் சுற்றிக்கொண்டு மிதந்தது. துடுப்பை ஷெட்டிலேயே விட்டுவிட்டு வந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. சுரங்கத்துக்காரனுக்குத் துடுப்பு எதற்கு. “முனிரத்தினம்!” என்று கூப்பிட்டான். இழுப்பு வந்து பாதியில் அறுந்தது. கோபுரம் குரலை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டது.

அப்போது டாங்கிக்குள்ளிருந்து வந்தது.

டொக்.

பெட்ரோல் தளும்பல்.

டொக்.

தகரம் குளிர்கிற சத்தம்.

டொக்.

ஏனோக் பலகையோடு பலகையாக ஒட்டி உட்கார்ந்தான். கிராம்பு வாசனை படகு முழுக்க ஏறியது. வேலை. வீடு. ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று, பாதி முடிந்துவிட்டது. குழாயில் அடைப்பு, அவ்வளவுதான். ரப்பர்த் தூள் ஏதாவது. அடைப்பு என்றால் ஃபிட்டர் என்ன செய்வான்? ஊதுவான். ஃபிட்டருக்கு வாய்தானே முதல் ஸ்பேனர்.

கம்பியைத் தளர்த்தினான். டாங்கிப் பக்க முனையை உருவினான். வாயில் வைத்தான்.

பல் தானாகப் போய்ப் பள்ளங்களில் உட்கார்ந்தது. மேலே, கீழே. அளவெடுத்த மாதிரி.

கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். அவனிடம் இருந்ததே கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் குழாய்க்குள் போயிற்று. குமிழி மெல்ல எழுந்தது. நல்லது. போதும். வாயை எடுக்கலாம்.

குழாய் வாயை விடவில்லை.

மூச்சு நின்றபின்னும் போய்க்கொண்டிருந்தது. அவன் ஊதவில்லை. அந்தப் பக்கம் யாரோ இழுத்தார்கள். பொறுமையாக, தாகத்தோடு, இரண்டு வருஷம் காத்திருந்தவன் இழுப்பதுபோல. மார்பு உள்ளே மடிந்தது. குமிழி விரிந்தது. அம்பு மோட்டாரைப் பார்த்திருந்தது. ஒருவழிக் கதவுகள். போனது திரும்பாது.

மோட்டார் தானாகக் கிளம்பியது.

கயிற்றை யாரும் இழுக்கவில்லை. இருமல் இல்லை, திணறல் இல்லை. புது மோட்டார் போல, தேன் போல ஓடியது. படகு கோபுரத்தின் நிழலைவிட்டு வெளியே வந்தது. தூறல் முகத்தில் விழுந்தது. கரை. கறுப்புக்குடை. குடைக்குக் கீழே முனிரத்தினம் குதித்தான்.

“ஆயிடுச்சிண்ணே! வேலை ஆயிடுச்சி!”

மூடு. மூடு. எதையாவது மூடு. இடது கை எழுந்தது. டாங்கியில் தேடியது, ஓட்டை. குழாயில் தேடியது, வழவழப்பு. மூடுவதற்கு ஒன்றுமில்லை. கை மேலே போயிற்று. காற்றில், தலைக்கு மேலே, இல்லாத சக்கரத்தைப் பிடித்தது. வலப்பக்கம் ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்று.

முனிரத்தினம் குடையை மடக்கி அதே மாதிரி சுழற்றிக் காட்டினான். சிரித்தான். போன் போட ஷெட்டுக்குள் ஓடினான்.

கரை காலியாயிற்று.

படகு கரைக்குத் திரும்பவில்லை. அழகாக வளைந்து, கோபுரத்தை மறுபடி சுற்றப் போயிற்று. பிறகு மறுபடி. சவாரிக்குப் போகிறவன் போல நேராக உட்கார்ந்திருந்தான் ஏனோக், குழாயை வாயில் வைத்து, பல்லை இறுக்கி. இடது கை தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தது, வலப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. காலடியில் குமிழி விரிந்தது. சுருங்கிற்று. விரிந்தது.